ரூட் 66: இன்டர்ஸ்டேட் வந்ததால்தான் செத்ததா?

மைல்கல்

ரூட் 66 பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு சாலை இருந்தது. அதை நம்பி எத்தனையோ சிற்றூர்கள் பிழைத்தன. மாநிலம் விட்டு மாநிலம் போகிற 'இன்டர்ஸ்டேட்' விரைவுச் சாலைகள் வந்து எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டின. 1985 ஜூனில் அந்த எண்ணே ரத்தானது.

எனக்கு இதில் பாதிதான் ஒப்புதல். 66 பிறந்த நாளிலிருந்தே தன் ஓரத்து ஊர்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டபடிதான் வளர்ந்தது. அதையும் சேர்த்துப் பேசினால்தான் இந்தச் சாலையின் வரலாறு முழுசாகப் புரியும். அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் அது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெடுந்தூரச் சாலைகளுக்குப் பெயர்தான் உண்டு. ஆளாளுக்கு ஒரு சங்கம் வைத்து, கம்பத்தில் வண்ணப் பட்டை அடித்து, "இது எங்கள் சாலை" என்றார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்து எண் கொடுப்பதற்காக 1925இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. அதில் இருந்தவர் ஒக்லஹோமா மாநிலம் துல்சாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி. சிகாகோவிலிருந்து மேற்கே போகிற சாலை தன் ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். தெற்கே இறங்கிப் போனால் ராக்கி மலைத் தொடரின் உயரத்தையும் பனியையும் தவிர்க்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் துல்சா பக்கம் அவருக்கே ஒரு பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டு விடுதியும் இருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அவர் கேட்ட எண் 60. சைபரில் முடிகிற எண்கள் நாட்டைக் குறுக்காகக் கடக்கும் பெரிய சாலைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கென்டக்கிக்கு அப்படி ஒன்றுகூட வரவில்லை. அந்த மாநில ஆளுநர் வில்லியம் ஃபீல்ட்ஸ் கொதித்துப்போய் 60 எங்களுக்குத்தான் என்றார். மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 1926 ஏப்ரல் 30 அன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏவரியும் சில பொறியாளர்களும் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினார்கள். 66 யாருக்கும் போகாமல் கிடந்தது. அதையே எடுத்துக்கொள்கிறோம் என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்கள். நவம்பர் 11 அன்று ஒப்புதல் வந்தது.

2,448 மைல், எட்டு மாநிலங்கள். கேன்சஸுக்குக் கிடைத்தது வெறும் 13 மைல். தொடக்கத்தில் ஏறக்குறைய 800 மைல்தான் தளம் போட்ட சாலை, மிச்சமெல்லாம் மண்ணும் சரளையும். முழுக்கத் தளம் போட்டு முடிக்க 1938 வாக்கில் ஆகிவிட்டது.

ஆக, குழுவில் ஆள் இருந்த ஊர் பக்கம் சாலை வளைந்தது. ஆள் இல்லாத ஊர்கள் பார்த்துக்கொண்டு நின்றன. அடுத்த 60 ஆண்டும் நடந்தது இதுதான்.

தார்ச்சாலை

மைல்கல் சார், நீங்கள் சொன்ன வரலாறு சரி, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

பழைய 66 ஓர் ஊரை விட்டு விலகினால் இன்னொரு ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். இங்கே மூடின கடை அங்கே திறக்கும். சாலையோரம் யாரிடம் கொஞ்சம் நிலம் இருந்தாலும் இரண்டு பம்ப்பு வைத்து, பின்னால் நான்கு அறை கட்டி, வாசலில் ஒரு போர்டு மாட்டினால் பிழைப்பு ஓடிவிடும். எந்தக் காரும் எந்த இடத்திலும் நிற்கலாம், திரும்பலாம்.

இன்டர்ஸ்டேட்டில் அது நடக்காது. வேலி போட்ட சாலை. எக்ஸிட் இருக்கிற இடத்தில் மட்டும்தான் இறங்க முடியும். அந்த எக்ஸிட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கப் பெரிய கம்பெனிகளால்தான் முடியும். சாலை இடம் மாறியது வேறு, சாலையோரம் என்கிற ஒன்றே இல்லாமல் போனது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கயல்_ப்ளூமிங்டன்

நான் இல்லினாயில் ப்ளூமிங்டன் பக்கம் இருக்கிறேன். நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் ஐ.டி. வேலைக்கு வந்திருக்கிறார்கள். பலர் தினமும் ஐ-55 என்ற இன்டர்ஸ்டேட்டில்தான் போகிறார்கள். பக்கத்திலேயே மூன்று தலைமுறைச் சாலை கிடக்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது.

டவாண்டா என்ற சிற்றூருக்குப் போனால் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 1926இல் ஊருக்குள் புகுந்து போன ஒடுங்கின சாலை. அதில் ரயில் பாதை அருகே இருந்த ஒரு வளைவுக்கு 'செத்தவன் வளைவு' என்றே பெயர். வேகமாக வருகிற கார்கள் திருப்ப முடியாமல் போய் மோதுமாம். அப்புறம் 1954 வாக்கில் ஊரை ஒதுக்கிப் போட்ட நான்கு வழிச் சாலை. அதுவும் 66தான். கடைசியாக ஐ-55.

அந்த நான்கு வழியில் ஒரு பக்கம் மட்டும்தான் இன்று வண்டிக்கு. மறுபக்கத்தை நடைபாதையாக்கி, எட்டு மாநிலங்களுக்கும் ஒவ்வொரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் நடந்து பாருங்கள். கான்கிரீட் பாளங்களின் இணைப்புகளில் புல் முளைத்து நேர்க்கோடாகத் தெரியும். தார் ஊற்றி அடைத்த விரிசல்கள் பாம்பு மாதிரி ஓடும். வண்டி போகிற பக்கத்தில் காரை ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் 'தடக் தடக்' என்று சத்தம் வரும். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் மக்காச்சோளக் கொல்லை, அதற்கு அப்பால் ஐ-55இன் இரைச்சல்.

அதனால் நான் மைல்கல் அண்ணா பக்கம். டவாண்டாவை ஒதுக்கியது இன்டர்ஸ்டேட் அல்ல, 66தான்.

மைல்கல்

நன்றி கயல். இதே மாதிரி இன்னும் இரண்டு ஊர்க் கதைகள் சொல்கிறேன்.

முதலாவது சான்டா ஃபே, நியூ மெக்சிகோவின் தலைநகர். 66 முதலில் அந்த ஊர் வழியாகத்தான் போனது. சான்டா ரோசாவிலிருந்து வடக்கே ஏறி, சான்டா ஃபேயைத் தொட்டு, லா பஹாடா என்ற செங்குத்தான மலைச் சரிவில் இறங்கி, ஆல்புகெர்க்கி வரும். பெரிய சுற்று. 1926 தேர்தலில் ஆளுநர் ஏ. டி. ஹன்னட் தோற்றுவிட்டார். தன்னைத் தோற்கடித்தவர்கள் சான்டா ஃபே அரசியல்வாதிகள் என்று அவருக்கு ஆத்திரம். பதவி முடிய சில வாரங்களே பாக்கி. சான்டா ரோசாவிலிருந்து மொரியார்ட்டி வரை 69 மைலுக்கு ஒரு நேர் சாலை வெட்ட உத்தரவு போட்டார். டிசம்பர் குளிரில், கிடைத்த இயந்திரத்தையும் ஆட்களையும் வைத்து வெட்டிப் போட்டார்கள். பல ஆண்டு கழித்து, 1937இல், 66 அதிகாரபூர்வமாக அந்த வழிக்கே மாறியது. தலைநகரம் என்பதால் சான்டா ஃபே தாங்கிக்கொண்டது. வழியில் இருந்த சின்ன ஊர்களுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள காஃப்ஸ். அங்கே ரயில்வேக்காரர்கள் நிலையங்களுக்கு அகர வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டேன்பி, எசெக்ஸ், ஃபென்னர், காஃப்ஸ். ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் ஜி வரை. 1931இல் எசெக்ஸிலிருந்து நீடில்ஸுக்கு நேராகச் சாலை போட்டதும் காஃப்ஸ் 66இலிருந்து கழன்றுவிட்டது. அப்போது இன்டர்ஸ்டேட் சட்டம் வர இன்னும் 25 ஆண்டு இருந்தது.

தார்ச்சாலை சொன்ன வேலி விஷயம் முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் காஃப்ஸில் கடை வைத்திருந்தவருக்கு எசெக்ஸில் இன்னொருவர் கடை திறந்தது ஆறுதலாக இருந்திருக்குமா?

புதுவாசகன்

அருமையான இழை. எனக்கு ஒரு சந்தேகம். புதுச் சாலைக்கே 66 என்ற எண்ணைக் கொடுத்திருக்கலாமே? எண்ணை ஏன் ஒழித்தார்கள்? பழைய சாலையையே அகலப்படுத்தியிருக்கவும் முடியாதா?

பாலம்_கட்டுபவன்

நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன். என் பங்குக்குச் சொல்கிறேன்.

பழைய சாலையை ஏன் அகலப்படுத்தவில்லை? பணம். அதிபர் ஐசனோவர் 1956 ஜூன் 29 அன்று கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைலுக்குத் திட்டம் போட்டது. அதில் இன்டர்ஸ்டேட் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. 66 மாதிரியான சாதாரண யு.எஸ். எண் சாலைக்குப் பாதிக்குப் பாதிதான். ஒரு மாநிலத்துப் பொறியாளராக உங்களை வைத்துப் பாருங்கள். பத்து காசு போட்டால் புத்தம் புதுச் சாலை, ஐம்பது காசு போட்டால் பழையதற்கு ஒட்டு வேலை. யார் பழையதைத் தொடுவார்கள்? 66இன் தலையெழுத்து அந்த விகிதத்தில்தான் எழுதப்பட்டது என்பேன்.

அப்புறம் பாதுகாப்பு. மிசூரியில் இந்தச் சாலைக்கு 'ரத்த 66' என்று பெயர் இருந்ததைச் சும்மா விட முடியாது. குறுகின இரு வழி, நடுவில் தடுப்பு கிடையாது, எதிரெதிரே லாரிகள், முந்தப் போனால் நேருக்கு நேர். ஒக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் நடுவே ஒரு துண்டு 9 அடி அகலம்தான். 1922இல் போட்டது. இன்று இன்டர்ஸ்டேட்டில் ஒரே ஒரு தடம் 12 அடி. அந்த 9 அடிச் சாலையில் எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தைச் சரளையில் இறக்க வேண்டும். அரிசோனாவில் ஓட்மன் மலை ஏற்றம் இதைவிட மோசம். அந்தக் காலத்து ஃபோர்டு கார்களில் பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். செங்குத்தாக ஏறினால் எஞ்சின் உயரத்தில், டாங்கி பள்ளத்தில். அதனால் ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்னோக்கி ஏறினார்கள். பயந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்குக் காசு கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். 1952இல் யக்கா வழியாகப் புதுப் பாதை வந்ததும் ஓட்மன் ஓய்ந்தது. பழையதை நினைத்து உருகுகிறவர்கள் குழந்தைகளோடு அந்த வளைவுகளில் போனவர்களையும் நினைக்க வேண்டும்.

எண் விஷயம். இன்டர்ஸ்டேட்டுக்குத் தனி வரிசை. இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்கு, தெற்கே சின்ன எண்ணில் தொடங்கி வடக்கே ஏறும். 66 ஒரே கோடாக இல்லாமல் சாய்ந்து வளைந்து போகிறது. அதனால் ஐந்து இன்டர்ஸ்டேட்டுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன: சிகாகோ முதல் செயின்ட் லூயிஸ் வரை 55, அங்கிருந்து ஒக்லஹோமா சிட்டி வரை 44, பிறகு கலிபோர்னியாவின் பார்ஸ்டோ வரை 40, கீழே இறங்க 15, கடைசியில் 10. ஐ-66 என்று ஒன்று வர்ஜீனியாவில் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எண் ஒரே நாளில் போகவுமில்லை. கலிபோர்னியா 1964இலேயே மேற்கு முனையை வெட்டியது. சிகாகோவில் 1977இல் பலகையைக் கழற்றினார்கள். 1984 அக்டோபர் 13 அன்று அரிசோனாவின் வில்லியம்ஸுக்குப் புறவழி திறந்தது. அதுதான் கடைசி ஊர். மிச்சமிருந்த எண்ணை அடுத்த ஆண்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் ரத்து செய்தது.

மைல்கல்லுக்குச் சாதகமாக ஒன்று: துல்சாவுக்கும் ஒக்லஹோமா சிட்டிக்கும் நடுவே டர்னர் டர்ன்பைக் என்ற டோல் சாலை 1953லேயே திறந்துவிட்டது. இன்டர்ஸ்டேட் சட்டத்துக்கு மூன்று ஆண்டு முந்தியது. டோல் கட்ட விரும்பாதவர்கள் பழைய 66இலேயே போனதால் அங்கே சாலை உயிரோடு இருந்தது. இன்றும் ஒக்லஹோமாவில் அது மாநிலச் சாலை 66ஆகத் தொடர்கிறது.

நிலவன்

ஐ-40 பற்றிப் பேசும்போது 'கேரியால்' திட்டத்தைச் சொல்லாமல் விடலாமா? ஆம்பாய்க்கு வடக்கே பிரிஸ்டல் மலை குறுக்கே நின்றது. அதைப் பிளக்க 1963இல் ஓர் ஆய்வு நடந்தது. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறை, சான்டா ஃபே ரயில்வே, அணுசக்தி ஆணையம் மூன்றும் சேர்ந்து. 22 அணுகுண்டுகளை வரிசையாகப் புதைத்து வெடித்தால் சாலைக்கும் ரயிலுக்கும் வழி கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அணுவை ஆக்க வேலைக்குப் பயன்படுத்துவோம் என்ற முழக்கம் ஓங்கியிருந்த காலம் அது. கடைசியில் கைவிட்டு, வழக்கமான முறையிலேயே மலையை வெட்டினார்கள். ஐ-40 அங்கே 1973இல் திறந்தது. ஆம்பாய் அடங்கிப்போனது. அங்கிருந்த ராய்ஸ் மோட்டலின் பெயர்ப் பலகை மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

22 அணுகுண்டு வைத்தாவது நேர்க்கோட்டில் போக வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு ஆம்பாய் மாதிரி ஓர் ஊர் கணக்கில் வந்திருக்குமா? வந்திருக்காது. அதனால் நான் தார்ச்சாலை பக்கம்.

தமிழினி

எல்லாரும் ஊர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். யார் அந்தச் சாலையில் போக முடிந்தது என்றும் கேட்க வேண்டும்.

66 கடந்து போன 89 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) ஏறக்குறைய பாதியில், இருட்டிய பிறகு கறுப்பின மக்கள் இருக்கக் கூடாது என்ற நிலை இருந்தது. சில இடங்களில் பலகையே வைத்திருந்தார்கள். படுக்க அறை கிடைக்காது, சாப்பாடு கிடைக்காது, கழிப்பறை கிடையாது. நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில், எந்தக் கடையில் பயமில்லாமல் நிற்கலாம் என்ற பட்டியல் அது. ஒக்லஹோமாவில் லூதர் அருகே த்ரெட் குடும்பத்தார் நடத்திய பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. கறுப்பினக் குடும்பம் சொந்தமாக நடத்திய இடம், கட்டடம் இன்னும் நிற்கிறது. அப்படி ஓர் இடம் வரும்வரை டிக்கியில் சாப்பாட்டையும் தண்ணீரையும் அடைத்துக்கொண்டு ஓட்டியவர்களுக்கு இது என்ன சாலை?

ஏழை வெள்ளையருக்கும் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. 1930களின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நிலத்தை இழந்த ஒக்லஹோமா, டெக்சஸ் குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு இந்தச் சாலையில்தான் மேற்கே போனார்கள். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டினார். நகரப் போலீஸுக்கு மாநில எல்லையில் என்ன வேலை என்ற எதிர்ப்பு எழுந்து, சில வாரங்களில் அது நின்றது.

இன்டர்ஸ்டேட்டும் யோக்கியமில்லை. துல்சாவில் கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதி 1921 வன்முறையில் எரிந்து, மறுபடி எழுந்தது. பிறகு அதன் நடுவிலேயே ஐ-244 போட்டார்கள். சாலை எந்தப் பக்கம் வளைந்தது என்று கேட்டால் மட்டும் போதாது மைல்கல் சார், யார் வீட்டின் மேல் ஏறிப் போனது என்றும் கேளுங்கள்.

மைல்கல்

தமிழினி, இதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். சாலை எங்கே போகிறது என்பதை முடிவு செய்கிற மேசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதே 1926இலும் கேள்வி, 1956க்குப் பிறகும் கேள்வி.

தார்ச்சாலை

செத்ததை மட்டும் பேசினால் போதாது, மீட்டதையும் பேசுவோம்.

அரிசோனாவில் செலிக்மன் என்று ஓர் ஊர். 1978 செப்டம்பர் 22 அன்று ஐ-40 திறந்ததும் ஊர்த் தெருவில் போக்குவரத்து ஒரே நாளில் நின்றுபோனது. ஏஞ்சல் டெல்காடியோ அங்கே முடிதிருத்துகிறவராக இருந்தவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 1987இல் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். மாநில அரசை விடாமல் நச்சரித்ததில், அதே ஆண்டு செலிக்மன் முதல் கிங்மன் வரையிலான பகுதியை 'வரலாற்றுச் சாலை' என்று அரிசோனா அறிவித்தது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கிளம்பின. அரிசோனாவிலேயே ஹோல்புரூக்கில் கூம்புக் கூடார வடிவில் அறை கட்டின மோட்டல் 1974இல் மூடி, 1988இல் திரும்பத் திறந்ததும் இந்த அலையில்தான்.

நம் நாட்டு ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க மோட்டல்களில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினரிடம், பெரும்பாலும் குஜராத்திகளிடம் இருக்கின்றன. 66 ஓரத்துப் பழைய மோட்டல்களையும் பலர் விலை விழுந்த காலத்தில் வாங்கி, குடும்பமாகத் தங்கி, அறை கூட்டிப் பெருக்கி ஓட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் இருக்கும் கூம்புக் கூடார மோட்டலைச் சீர்செய்து நிமிர்த்தியதும் ஒரு குஜராத்திக் குடும்பம்தான்.

பாலம்_கட்டுபவன்

மீட்பு பற்றி ஒரு கவலை. கடைகளுக்கும் பலகைகளுக்கும் கிடைக்கிற கவனம் சாலைக்குக் கிடைப்பதில்லை. ஆம்பாய் பக்கம் 1930களில் கட்டின நூற்றுக்கும் மேற்பட்ட மரப் பாலங்கள் இருக்கின்றன. பாலைவனத்தில் திடீர் வெள்ளம் வந்தால் அவைதான் முதலில் அடிவாங்கும். பாலம் போனால் சாலை மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கும். எண் ரத்தானதும் அதெல்லாம் கவுண்டியின் தலையில் விழுந்துவிட்டது. 2026 நவம்பரில் நூற்றாண்டு. கொண்டாட்டத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கையாவது பாலத்துக்கு ஒதுக்க வேண்டும்.

புதுவாசகன்

எல்லாருக்கும் நன்றி. டிசம்பரில் குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் பக்கம் போகிறோம். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எந்தத் துண்டில் போகலாம்?

தார்ச்சாலை

யோசிக்கவே வேண்டாம், அரிசோனா. ஐ-40இல் கிழக்கே போய் 139ஆம் எக்ஸிட்டில் க்ரூக்டன் சாலையில் இறங்குங்கள். அங்கிருந்து செலிக்மன், பீச் ஸ்பிரிங்ஸ், ஹேக்பெரி, கிங்மன் என்று மேற்கே திரும்பி வரலாம். சாலை ரயில் பாதையை ஒட்டியே போகும். பீச் ஸ்பிரிங்ஸ் ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடம், அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். பெட்ரோலைச் செலிக்மனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பொழுது இருந்தால் கிங்மனிலிருந்து ஓட்மன் மலைப் பாதையையும் பிடிக்கலாம். தெருவில் கழுதைகள் திரியும், சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வழித்தோன்றல்கள். ஆனால் 40 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அந்தப் பாதையில் அனுமதி இல்லை. வீட்டு வண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் நீளத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.